சங்கரநாராயணத் திருக்கோலமும் ச்ரத்தையின் நெறியும்

ஸ்ரீ:

ஆடி மாதம் பிறந்துவிட்டால் தென்பாண்டி நாட்டில் இரு திருத்தலங்கள் அடியார் திரளால் பொலிவு பெறும். வடக்கே ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் நாச்சியார் திருவவதரித்த ஆடிப்பூரத் திருநாளில் திருத்தேர் அசைந்து வரும். தெற்கே சங்கரன்கோவிலில் ஸ்ரீ கோமதியம்பிகை உத்திராட நாளில் தவக்கோலம் பூண்டு நிற்பாள். ஒரு தலத்தில் நாச்சியார் எம்பெருமானையே நாயகனாகப் பெற விரும்பி நோன்பு நோற்றாள். மற்றொரு தலத்தில் அம்பிகை, அரியும் அரனும் ஒரு திருவுருவாய்க் காட்சி தரவேண்டும் என்று தவம் புரிந்தாள். ஒரே மாதத்தில் இவ்விரண்டு திருவிழாக்களையும் சேவித்து வீடு திரும்பும் குடும்பங்கள் இப்பகுதியில் மிகப் பல. அவர்களிடம் சென்று, "நீவிர் சைவரா, வைணவரா?" என்று வினவினால் புன்முறுவல் ஒன்றே விடையாகக் கிடைக்கும். அப்புன்முறுவலின் பொருளை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ச்ரத்தை என்னும் சொல்

வடமொழியில் நம்பிக்கையைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது 'ச்ரத்தா' என்பது. 'ச்ரத்' என்ற சொல்லை ஸத்யத்தின் பெயர்களுள் ஒன்றாக வைதிக நிகண்டு வகுத்துள்ளது. 'தா' என்பது வைத்தல், தாங்குதல் எனப் பொருள்படும் வினையடி. ஆகவே மெய்ம்மையைத் தாங்கி நிற்றல் என்பதே ச்ரத்தையின் உட்பொருளாகிறது. தமிழிலோ 'நம்பு' என்னும் உரிச்சொல் நசை, அதாவது விருப்பம் என்னும் பொருளை உணர்த்தும் என்று தொல்காப்பியம் கூறும். மெய்ம்மையும் அன்பும் கூடிய இடத்தில்தான் நம்பிக்கை பிறக்கிறது என்பதை இரு மொழிகளும் சேர்ந்து உணர்த்துகின்றன.

கடோபநிஷத்தில் நசிகேதஸ் என்னும் சிறுவனைப் பற்றிய ஆக்யாயிகை உண்டு. அவன் தந்தை பெரியதொரு யாகம் செய்து, தம் உடைமை அனைத்தையும் தானம் அளித்தார். ஆயின் அவர் ஈந்த பசுக்களோ பால் வற்றி, கன்று ஈனும் ஆற்றலும் இழந்து மெலிந்தவை. அதனைக் கண்ணுற்ற கணத்தில் அப்பாலகனுக்குள் ச்ரத்தை புகுந்தது என்று உபநிஷத்து உரைக்கிறது. ச்ரத்தை புகுந்ததும் அவன் வாய் மூடி நிற்கவில்லை. "தந்தையே, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்?" என்று மூன்று முறை வினவினான். சொல்லும் செயலும் ஒத்து வரவில்லையே என்று அவன் உள்ளம் பதைத்தது. ஆதலால் ச்ரத்தை என்பது கேள்வி கேளாத மௌனமன்று. தான் மெய்யென்று கொண்டதற்கு மாறாக உலகம் நடக்கும்போது பொறுக்கமாட்டாமல் எழும் தவிப்பும் ச்ரத்தையே ஆகும்.

ஸ்ரீமத் பகவத்கீதையின் பதினேழாம் அத்யாயம் ச்ரத்தையை ஸாத்விகம், ராஜஸம், தாமஸம் என மூவகையாகப் பகுத்துக் காட்டுவதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். நம்பிக்கை இருந்தால் போதும் என்று கண்ணபிரான் விட்டுவிடவில்லை. எத்தகைய நம்பிக்கை என்று ஆராயும்படி பணித்தான். அந்த ஆராய்ச்சிக்குச் சங்கரன்கோவிலின் வரலாறும் தென்னாட்டின் வரலாறும் நல்ல உரைகற்களாக விளங்குகின்றன.

இரு நாகங்களின் வழக்கு

தென்காசி மாவட்டத்தைச் சார்ந்த சங்கரன்கோவிலுக்குச் சங்கரநயினார்கோயில் என்பது பழைய வழக்கு. புன்னை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்தமையால் புன்னைவனம் என்ற பெயரும் உண்டு. சங்கன், பதுமன் என்னும் இரு நாக அரசர்கள் இத்தலத்தில் வாழ்ந்தனர் என்பது தலவரலாறு. சங்கன் சிவபெருமானிடத்தும், பதுமன் திருமாலிடத்தும் பேரன்பு பூண்டவர்கள். தத்தம் தெய்வமே பெரிது என்று இருவரும் வாதிட்டனர். வாதம் முடிவு காணாமையால் அம்பிகையிடம் முறையிட்டனர். அம்பிகையோ, 'இவன் வென்றான், அவன் தோற்றான்' என்று தீர்ப்புக் கூறவில்லை. இருவருக்கும் ஒருங்கே விளங்கும் வண்ணம் இறைவனின் திருவுருவைக் காட்டவேண்டும் என்று தானே தவத்தில் நின்றாள். ஆடி மாதத்து உத்திராட நாளில் வலப்பாகம் சங்கரனாகவும் இடப்பாகம் நாராயணனாகவும் இறைவன் காட்சி அருளினான்.

இவ்வரலாற்றில் ஊன்றி நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. காட்சி கிடைத்தபின் சங்கன் தன் சிவபக்தியை விட்டான் என்றோ, பதுமன் தன் திருமால் பக்தியைத் துறந்தான் என்றோ தலவரலாறு கூறவில்லை. இருவரும் தத்தம் நெறியிலேயே நின்றனர். விட்டது பகையை மட்டுமே. தன் இஷ்ட தெய்வத்தை விட்டுக்கொடுத்தால்தான் ஒற்றுமை பிறக்கும் என்று எண்ணுவோர்க்கும், பிறர் தெய்வத்தைப் பழித்தால்தான் பக்தி சிறக்கும் என்று எண்ணுவோர்க்கும் இத்தலம் ஒருசேர விடை கூறுகிறது.

திருக்கோயிலின் அமைப்பும் வழிபாட்டு முறையும் இதே பாடத்தை நாள்தோறும் புகட்டுகின்றன. ஸ்ரீ சங்கரலிங்கர் ஸந்நிதிக்கும் ஸ்ரீ கோமதியம்பிகை ஸந்நிதிக்கும் இடையே சங்கரநாராயணர் எழுந்தருளியுள்ளார். ஒரு பாகத்தில் சடைமுடியும் பிறையும் புலித்தோலும்; மறு பாகத்தில் திருமுடியும் துளசி மாலையும் பீதாம்பரமும். இம்மூர்த்திக்கு நேரே அபிஷேகம் செய்யும் வழக்கம் இல்லை. ஸ்படிக லிங்கத்திற்கே அபிஷேகம் நடைபெறுகிறது. காலைப் பூஜையில் துளசி தீர்த்தமும் பிற வேளைகளில் திருநீறும் பிரசாதமாக வழங்கப்படுகின்றன. ஒரே வாயிலில் நின்று, ஒரே கையில் தீர்த்தத்தையும் திருநீற்றையும் ஏற்கும் அடியவருக்கு வேறு தத்துவ விளக்கம் எதற்கு?

தபசு நாளில் உழவர் பெருமக்கள் தம் நிலத்தில் விளைந்த பருத்தி, மிளகாய் வற்றல் முதலியவற்றைக் காணிக்கையாகச் சூறையிடுகின்றனர். கொடியேறிய நாள் முதல் பெண்டிர் பலர் நூற்றெட்டு, ஆயிரத்தொன்று எனக் கணக்கு வைத்துத் திருக்கோயிலை வலம் வருகின்றனர். இதற்கு ஆடிச்சுற்று என்று பெயர். ஒற்றைக்காலில் நிற்கும் அம்பிகையின் கால்நோவில் தாமும் ஒரு பங்கு ஏற்பதாக அவர்கள் கருதுவது வழக்கம். இறைவியிடம் ஒன்றைப் பெறுவதற்காக மட்டும் அன்றி, இறைவியின் நோவைப் பகிர்ந்து கொள்வதற்காகவும் நடக்கும் நடை அது. பக்தியின் உயர்நிலையை இதனினும் எளிதாகக் காட்ட இயலாது.

கல்லிலும் கடல் கடந்தும்

அரியும் அரனும் ஒன்றாய் நிற்கும் திருக்கோலம் சங்கரன்கோவிலுக்கு மட்டும் உரியதன்று. ஆழ்வார்களுள் ஒருவரான பேயாழ்வார் தமது மூன்றாம் திருவந்தாதியில் திருமலையப்பனிடம் இரு உருவும் இசைந்து தோன்றுவதைக் கண்டு வியந்துள்ளார். வாதாபிக் குகைக் கோயிலிலும், நாமக்கல் குடைவரையிலும், மாமல்லபுரத்துத் தருமராச ரதத்திலும் இத்திருக்கோலம் கல்லில் வடிக்கப்பட்டுள்ளது. கன்னட நாட்டில் துங்கபத்திரைக் கரையிலுள்ள ஹரிஹர நகரில் ஹொய்சள தளபதி போலாள்வன் 1224-ஆம் ஆண்டில் ஹரிஹரேசுவரருக்குக் கோயில் எடுத்தான். கடல் கடந்த காம்போஜ தேசத்தில் ஒன்பதாம் நூற்றாண்டில் அரசர்களின் தலைநகருக்கே ஹரிஹராலயம் என்பது பெயராயிற்று. மொழியும் நாடும் வேறாயினும், பிளவுபட்ட மக்களை ஆளும் மன்னர்களும் பெரியோர்களும் இத்திருக்கோலத்தின் அருமையை உணர்ந்திருந்தனர்.

நம்பிக்கை அரச நீதியாக மலர்ந்ததற்குச் சிறந்ததொரு சான்று சிரவணபெளகொளாவில் உள்ளது. 1368-ஆம் ஆண்டில் ஜைனர்களுக்கும் ஸ்ரீவைஷ்ணவர்களுக்கும் இடையே வழக்கு மூண்டது. தங்களுக்கு இழைக்கப்பட்ட தீங்கைக் குறித்து ஜைனர்கள் விஜயநகர மன்னன் புக்கராயனிடம் முறையிட்டனர். ஸ்ரீரங்கம், திருமலை, காஞ்சி, திருநாராயணபுரம் முதலிய திவ்ய தலங்களைச் சார்ந்த ஸ்ரீவைஷ்ணவப் பெரியோர்கள் கூடியிருந்த ஸபையில், மன்னன் ஜைனர்களின் கையைப் பற்றி ஸ்ரீவைஷ்ணவர்களின் கையில் ஒப்படைத்தான் என்று கல்வெட்டு மொழிகிறது. ஜைனர்கள் தம் வாத்தியங்களையும் கலசத்தையும் முன்போலவே கொள்ளலாம் என்றும், அவர்களுக்கு நேரும் குறைவையும் நிறைவையும் தமதாகவே வைணவர்கள் கருதவேண்டும் என்றும் முடிவாயிற்று. ஜைனக் குடும்பங்கள் மனமுவந்து அளிக்கும் பணத்தைக் கொண்டு பெளகொளாத் தேவருக்கு இருபது காவலரை நியமிக்கும் பொறுப்பு, திருமலையைச் சார்ந்த தாத்தய்யா என்னும் வைணவப் பெரியாரிடம் விடப்பட்டது. எண்ணிக்கையிலும் செல்வாக்கிலும் மிக்கவர்களிடம் மெலிந்தவர்களை அடைக்கலப் பொருளாக ஒப்படைத்த தீர்ப்பு இது. சரணாகதியைப் பரமதர்மமாகக் கொண்ட வைணவர்களுக்கு, அடைக்கலம் பெறுவது மட்டுமன்று, அடைக்கலம் தருவதும் தர்மமே என்று அன்று உணர்த்தப்பட்டது.

1755-ஆம் ஆண்டின் படிப்பினை

ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தளபதி கர்னல் ஹெரான் 1755-ஆம் ஆண்டில் மதுரை, நெல்லைச் சீமைகளின் மீது படையெடுத்து வந்தான். மதுரைக்கு அருகே கோயில்குடி என்னும் இடத்துக் கோயிலைத் தாக்கி, அங்கிருந்த திருமேனிகளைக் கவர்ந்து மூட்டைகளோடு சேர்த்துக் கொண்டான். அக்கோயில் திருமோகூர்த் திவ்யதேசமே என்று ஆய்வாளர் கருதுவர். பின்னர் தெற்கே வந்த அவன், சங்கரன்கோவிலுக்கு அருகிலுள்ள நெற்கட்டும்செவலில் பூலித்தேவரின் கோட்டையை முற்றுகையிட்டான். அதை வீழ்த்த இயலாமல் திரும்பினான். மே மாதத்தில் நத்தம் கணவாய் வழியே படை சென்றபோது, இருமருங்கும் காட்டில் காத்திருந்த கள்ளர் நாட்டு வீரர்கள் பாய்ந்து தாக்கினர். தங்கள் திருமேனிகளை மீட்டுக்கொண்டனர். இச்செய்தியைக் கம்பெனியின் வரலாற்றாசிரியரான ராபர்ட் ஓர்மே எழுதி வைத்துள்ளார்.

பொன்னுக்காகவோ மண்ணுக்காகவோ எழுந்த போரன்று அது. தாம் வணங்கும் பெருமான் பகைவரின் மூட்டையில் கிடப்பதைப் பொறாத உள்ளங்களின் எழுச்சி. நெற்கட்டும்செவல் பூலித்தேவரும் கோமதியம்பிகையிடம் ஆழ்ந்த பக்தி உடையவர். கைது செய்யப்பட்டு அழைத்துச் செல்லப்படுகையில் சங்கரன்கோவிலில் வழிபட வேண்டினார் என்றும், ஸந்நிதிக்குள் சென்றவர் மீளாது மறைந்தார் என்றும் இப்பகுதி மக்கள் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அத்திருக்கோயிலில் அவர் பெயரால் ஓர் இடம் இன்றும் போற்றப்படுகிறது. வரலாற்று ஏடுகளில் அவருடைய முடிவு எவ்வாறு எழுதப்பட்டிருப்பினும், மக்கள் தம் தலைவனைத் தம் தாயின் திருவடியிலேயே சேர்த்து வைத்துள்ளனர் என்பது நம்பிக்கையின் வரலாற்றில் ஓர் உண்மையாகும்.

திறந்த வாயிலும் மூடிய வாயிலும்

நம்பிக்கையின் பெருமையை மட்டும் பேசி, அதன் பெயரால் நிகழ்ந்த சிறுமையை மறைப்பது நேர்மையாகாது. சைவ வைணவப் பூசல்கள் தமிழகத்தில் நிகழ்ந்ததுண்டு. ஒரே எம்பெருமானைச் சேவிக்கும் வைணவர்களுக்குள்ளேயே திருமண்காப்பின் வடிவு குறித்துக் காஞ்சியில் தலைமுறை தலைமுறையாக வழக்குகள் நடந்தன. கோயில் யானையின் நெற்றியில் எந்தத் திருமண் இடுவது என்பதும் வழக்காயிற்று. இவை யாவற்றினும் கொடியது, இறைவன் படைத்த மக்களில் ஒரு பகுதியினரை இறைவன் வாயிலிலேயே தடுத்து நிறுத்தியதாகும்.

முன்னோர் காட்டிய நெறி அதுவன்று. திருப்பாணாழ்வாரை முனிவரின் தோளில் ஏற்றி உள்ளே அழைத்தவன் அரங்கன். திருக்கோட்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து பெற்ற மந்திரார்த்தத்தைத் தமக்கென்று ஒளித்து வையாமல் அனைவர்க்கும் வழங்கியவர் எம்பெருமானார். திருநாராயணபுரத்தில் தமக்குத் துணைநின்ற எளிய மக்களுக்குத் திருக்குலத்தார் என்று பெயரிட்டு, கோயிலுக்குள் வர உரிமையும் தந்தவர் அவர் என்பது ஸம்பிரதாயம். சங்கரன்கோவில் தலவரலாற்றிலும், புற்றினுள் மறைந்திருந்த பெருமானை முதலில் கண்டவன் உக்கிரபாண்டிய மன்னன் அல்லன். புன்னைவனத்தைக் காத்த காவற்காரனே ஆவான். அவன் சொல்லக் கேட்டுத்தான் மன்னன் வந்து கோயில் எடுத்தான். காவற்காரன் கண்ட பெருமானைக் காவற்காரனின் வழிவந்தோர் காணலாகாது என்று பிற்காலத்தார் விதித்தால், அது தலவரலாற்றையே மறுப்பதன்றோ?

இக்குறையைப் போக்கிய நாள்கள் நினைவில் வைக்கத்தக்கவை. 1936 நவம்பர் 12-ஆம் நாள் திருவிதாங்கூர் மன்னர் ஆலயப் பிரவேசப் பிரகடனம் வெளியிட்டார். 1939 ஜூலை 8-ஆம் நாள் மதுரை ஏ. வைத்தியநாத ஐயர், அதுகாறும் விலக்கப்பட்டிருந்த அன்பர்களுடன் மீனாக்ஷியம்மன் திருக்கோயிலுக்குள் சென்று வழிபட்டார். அதனை ஏற்காத அர்ச்சகர்கள் சிலர் பூஜை செய்ய மறுத்து விலகி நின்றதும் உண்மையே. 1947-இல் சென்னை மாகாணம் முழுமைக்கும் ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறியது. வைத்தியநாத ஐயரும் ஆஸ்திகர். விலகி நின்ற அர்ச்சகர்களும் ஆஸ்திகர்களே. இரு சாராரும் ச்ரத்தையின் பெயரையே கூறினர். ஆயின் நசிகேதஸைப் போல, சொல்லும் செயலும் ஒத்துள்ளனவா என்று வினவிய ச்ரத்தை எது என்பதைக் காலம் தெளிவாக்கிவிட்டது.

தனிவாழ்வில் நம்பிக்கை

நாட்டையும் சமூகத்தையும் மாற்றும் நம்பிக்கை, தனி ஒருவரின் உள்ளத்தில்தான் வேர் கொள்கிறது. நெல்லைச் சீமையின் திருக்குறுங்குடியில் வாழ்ந்த நம்பாடுவானின் சரிதம் வராஹ புராணத்தைச் சார்ந்த கைசிக மாஹாத்ம்யத்தில் உள்ளது. தாழ்ந்த குலம் என்று உலகோர் கருதிய குடியில் பிறந்த அவர், இரவு முழுதும் விழித்து, வெளியே நின்று எம்பெருமானைப் பாடி வந்தார். ஒரு கார்த்திகை மாதத்து ஏகாதசி இரவில் பாடச் செல்லும் வழியில் பிரம்மராக்ஷஸன் ஒருவன் அவரை உண்ணப் பிடித்தான். "பாடி முடித்துத் திரும்பி வருகிறேன், பிறகு உண்பாயாக" என்று சத்தியம் செய்து கொடுத்தார். பாடினார், மகிழ்ந்தார், சொன்னபடியே திரும்பி வந்தார். தப்பிச் செல்ல வழி இருந்தும் சொல் தவறவில்லை. அவர் வாய்மையைக் கண்டு திகைத்த ராக்ஷஸன், அவருடைய பாட்டின் பலனையே யாசித்துப் பெற்றுச் சாபம் நீங்கினான். கைசிக ஏகாதசி இரவில் இச்சரிதம் திருக்குறுங்குடியில் நாடகமாக நடிக்கப்படுகிறது.

நம்பாடுவான் இறைவனிடம் ஒன்றும் கேட்கவில்லை. யாரும் காணாத காட்டு வழியில் கொடுத்த வாக்கைக் காத்தார். நம்பிக்கை தனிவாழ்வில் செய்யும் மாற்றம் இதுவே. கடைத்தெருவில் தராசைப் பிடிக்கும் கையிலும், வயலில் கூலி அளக்கும் மரக்காலிலும், இல்லத்தில் முதியோரைப் பேணும் பொறுமையிலும் அது வெளிப்படவேண்டும். ஸந்நிதியில் கைகூப்பிய அதே கைகள் வெளியே வந்ததும் வேறு கைகளாகிவிடலாகாது.

இத்தலத்து அடியார்கள் அறிய வேண்டிய செய்தி பிறிதொன்றும் உண்டு. சங்கரன்கோவிலின் புற்றுமண் பிரசாதம் பெருமை வாய்ந்தது. விஷஜந்துக்களின் தொல்லை நீங்கவேண்டி வெள்ளியால் நாகம், தேள் முதலிய உருவங்களைக் காணிக்கை செலுத்துவதும் மரபு. அம்மரபு நன்றியையும் வேண்டுதலையும் வெளியிடுவது. ஆயின் பாம்பு தீண்டிய ஒருவரை இல்லத்திலோ கோயில் வாயிலிலோ கிடத்திக் காலம் தாழ்த்துவது பக்தியன்று. ஒரு கணமும் தாமதியாமல், நடக்க விடாமல், அரசு மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லவேண்டும். கடிவாயைக் கீறுதலோ இறுகக் கட்டுதலோ கூடாது. அங்கே ஏற்றப்படும் விஷமுறிவு மருந்து எதனால் ஆவது? நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்தே அம்மருந்து செய்யப்படுகிறது. அந்நஞ்சைச் சேகரித்துத் தரும் பணியை மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978-இல் தோன்றிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தார் ஆற்றி வருகின்றனர். நாகமே நாகத்தின் நஞ்சுக்கு மருந்தாகிறது. சங்கனும் பதுமனும் வழிபட்ட தலத்தின் அடியார்களுக்கு இதில் இறைவனின் கருணையைக் காண்பது அரிதாகுமா? மருத்துவரின் கையை நம்புவது இறைவனை ஐயுறுவது ஆகாது. அக்கையும் அவன் அளித்ததே.

முடிவுரை

ஆகவே நம்பிக்கையை அளந்தறிய நான்கு வினாக்கள் போதும். பிறர் வணங்கும் தெய்வத்தை மதிக்க அது கற்பித்ததா? மெலிந்தவர்க்கு அடைக்கலம் தந்ததா? மூடிய வாயிலைத் திறந்ததா? யாரும் காணாத இடத்திலும் சொன்ன சொல்லைக் காத்ததா? இவற்றிற்கு ஆம் என்று விடை கூறும் நம்பிக்கை ஸாத்விகமானது. அது வரலாற்றை உயர்த்தும், சமூகத்தை இணைக்கும், இல்லத்தை விளங்கச் செய்யும்.

தவத்தின் முடிவில் கோமதியம்பிகைக்குக் கிடைத்த காட்சி, அவள் ஒருத்திக்காக வேண்டிப் பெற்றதன்று. வாதிட்டு நின்ற இருவருக்காகவும், அவர்களைப் போல் என்றென்றும் வாதிடப்போகும் உலகிற்காகவும் பெற்றது. விழாவைச் சேவித்து ஊர் திரும்பும் அடியார்கள் துளசியையும் திருநீற்றையும் ஒரே மடியில் முடிந்து செல்கின்றனர். அந்த முடிச்சு அவிழாமல் அவர்தம் இல்லங்களிலும் உள்ளங்களிலும் நிலைத்திருக்க அரியும் அரனுமாய் நின்ற பெருமான் அருள்புரிவானாக.

சுபம்